கூலிக்கு யார் பொறுப்பு?



"காண்ட்ராக்டில் இருக்கிறேன்" என்று தொடங்கும் கடிதங்கள் வராத மாதம் நம் பத்திரிகை அலுவலகத்தில் இல்லை. ஒரகடத்திலிருந்து வரும், ஓசூரிலிருந்து வரும், சில சமயம் துறைமுகத்துப் பக்கத்திலிருந்தும் வரும். பல வருடமாக ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர்கள் எழுதுகிறார்கள். காண்ட்ராக்டர் மாறுவார், அடையாள அட்டையின் நிறம் மாறும், நிற்கிற இடம் மட்டும் மாறாது. இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: சம்பளம் குறைந்தால், கை நசுங்கினால், நாளைக்கு வராதே என்று சொல்லிவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது? ஆலைக்காரரிடம் போனால் காண்ட்ராக்டரைக் காட்டுகிறார். காண்ட்ராக்டரிடம் போனால் ஆலையைக் காட்டுகிறார்.

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முயன்ற ஒரு சட்டத்தை அண்மையில் முழுவதுமாகப் படித்தேன். நம் ஊர்ச் சட்டம் அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நாள்கூலிக்கும் தற்காலிக வேலைக்கும் ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. 2006-இல் ஏறக்குறைய புதிதாகவே எழுதப்பட்டது. அதன் பிறகு 2017, 2023, 2024 என்று திருத்தத்தின் மேல் திருத்தம். அலுவலக எழுத்து வேலைக்கும், படித்துப் பட்டம் வாங்கிச் செய்யும் வேலைக்கும் அது பொருந்தாது. கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், உணவு ஆலையில் பொட்டலம் கட்டுகிறவர், அச்சகத்தில் தாள் அடுக்குகிறவர் ஆகியோருக்கானது.

சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எதையெல்லாம் ஒரு சட்டம் கூடாது என்கிறதோ, அதையெல்லாம் யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்று பொருள். அந்தக் கண்ணோடு படித்தால், சிகாகோ நகரத்து நாள்கூலித் தொழிலாளி ஒருவரின் ஒரு முழு நாள் இந்தப் பிரிவுகளுக்குள் இருக்கிறது.

விடியும் முன்பே ஏஜென்சியின் அலுவலகத்தில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. காத்திருந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. வந்திருந்தார் என்பதற்கே அடையாளம் இல்லாமல் போவதுண்டு. சட்டம் இங்கே ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்கிறது: வேலை கிடைக்காதவர் கேட்டால், அவர் இந்தத் தேதியில் இந்த நேரத்தில் வேலை தேடி வந்தார் என்று ஏஜென்சி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அற்பமாகத் தோன்றலாம். ஆனால், "அவர் வரவே இல்லை, அதனால்தான் அனுப்பவில்லை" என்று பின்னால் ஒருவர் சொல்லும்போது, ஏழையின் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுக் காகிதம்தான்.

பெயர் கூப்பிடுவதிலும் ஒரு கதை இருக்கிறது. கறுப்பினத்தவரை ஒதுக்கிவிட்டு, எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்ற கணக்கில் லத்தீன் அமெரிக்கப் புலம்பெயர்ந்தோரை மட்டும் அனுப்புகிறார்கள் என்று சிகாகோ ஏஜென்சிகள் மீது வழக்குகள் வந்தன. வேலை கேட்டு வந்தவர்களுள் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்ற பதிவே இல்லாத இடத்தில், பாகுபாட்டை எப்படி நிரூபிப்பது? 2017-இல் வந்த திருத்தம் தொழிலாளியின் இனத்தையும் பாலினத்தையும் ஏஜென்சி பதிந்துவைக்க வேண்டும் என்று சொன்னதை அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

வேலை கிடைத்தவருக்கு ஒரு சீட்டு தர வேண்டும். எந்த இடம், அதன் முகவரி என்ன, என்ன வேலை, மணிக்கு எவ்வளவு கூலி, போக்குவரத்து எப்படி, சாப்பாடு உண்டா, அதற்குக் காசு பிடிப்பார்களா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்து மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் வேனில் ஏறியவர்கள் இருந்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது.

அந்த வேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிகாகோவின் லிட்டில் வில்லேஜ் பகுதியில் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. கிடங்குகளோ நகரத்துக்கு வெளியே, பஸ் போகாத இடங்களில். நடுவில் ஸ்பானிய மொழியில் ரைட்டேரோ என்று அழைக்கப்படும் வேன்காரர்கள். ஆளைத் திரட்டுவது, ஏற்றிச்செல்வது, சில இடங்களில் சம்பளக் காசோலையைக் கொண்டுவந்து கொடுப்பது வரை எல்லாம் அவர்கள்தான். 2013-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நிருபர் மைக்கேல் கிராபெல் அந்தப் பகுதியில் பழகி எழுதியபோது, ஒரு நாள் பயணத்துக்கு 8 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது இல்லினாயின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 டாலர் 25 சென்ட். வேலைக்குப் போய்ச்சேரவே ஒரு மணிநேர உழைப்பைக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறு. ஏஜென்சியோ, வேலை வாங்கும் நிறுவனமோ, அவர்களுக்காக வண்டி ஓட்டுகிறவரோ வேலையிடத்துக்கு அழைத்துச்செல்லக் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் முன்பே சொல்லியிருந்தது. அப்படியும் வாங்கினார்கள். "அந்த வேன்காரர் எங்கள் ஆள் இல்லை" என்று ஏஜென்சி சொன்னது. ஆலைக்குக் கீழே ஏஜென்சி, ஏஜென்சிக்குக் கீழே வேன்காரர். கேள்வி கீழே இறங்க இறங்கப் பொறுப்பு மேலே காணாமல் போகிறது. நம் கடிதங்கள் சொல்வதும் இதுவே அல்லவா?

தொழிலாளியின் அந்த நாளைத் தொடருவோம். வேனில் போய் இறங்கிய பிறகு, "இன்றைக்கு ஆள் போதும்" என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பினால் குறைந்தது 4 மணிநேரக் கூலி தர வேண்டும். அதே ஷிப்டில் வேறிடத்தில் வேலை கொடுத்தால் 2 மணிநேரம். கையுறை, தலைக்கவசம் போன்ற பாதுகாப்புச் சாதனங்களுக்குக் காசு பிடிக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு அடக்க விலைக்கு மேல் வாங்கக்கூடாது. எங்களிடம்தான் சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. அழைத்துப்போனவர்களை வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஒரே ஒரு நாள் வேலை என்றால், எத்தனை மணி வேலை செய்தார் என்பதை வேலை வாங்கிய நிறுவனமே அன்றே எழுதித் தர வேண்டும். சம்பளமாகக் கொடுத்த காசோலையைப் பணமாக்கித் தரக் கட்டணம் பிடிக்கக்கூடாது. கொடுத்த கூலியிலேயே ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை வாசல்கள் இருந்திருக்கின்றன என்று பாருங்கள்.

இன்னொரு பிரிவு. தற்காலிகமாக வேலை செய்கிற ஆலையே நிரந்தர வேலை கொடுக்க முன்வந்தால் ஏஜென்சி குறுக்கே நிற்கக்கூடாது. ஆலையிடம் ஒரு கட்டணம் கேட்கலாம், அதற்கும் வரம்பு உண்டு: 60 நாளுக்கு அந்தத் தொழிலாளியின் பேரில் கிடைத்திருக்கும் கமிஷன் தொகை, அதிலும் அவர் ஏற்கெனவே வேலை செய்த நாட்களைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதரை விடுவிக்க எவ்வளவு கேட்கலாம் என்று சட்டம் கணக்குப் போட்டுக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பத்தியை நான் இரண்டு முறை படித்தேன், மனம் கனத்துப்போயிற்று.

ஏன் இத்தனை வாசல்கள்? பணம் போகும் வழியைப் பார்த்தால் புரியும். ஆலை ஏஜென்சிக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அதில் கூலியும் வரியும் காப்பீடும் போக மிஞ்சுவது ஏஜென்சிக்கு. யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே ஆர்டர். இப்படிப் போட்டிபோட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ஏஜென்சி, கடைசியில் லாபத்தை எங்கே தேடும்? மேலே இருப்பவரிடம் கேட்க முடியாது, ஆர்டர் போய்விடும். கீழே இருப்பவரிடம்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஏஜென்சிக்காரரை மட்டும் பிடித்துத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேர்மையாக நடக்க விரும்பும் ஏஜென்சி முதலில் நஷ்டப்படும், பிறகு மூடப்படும். அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார்.

இல்லினாய்ச் சட்டத்தின் முதுகெலும்பு என்று நான் நினைப்பது இந்த இடத்தைத் தொடுகிற ஒரு பிரிவை. கூலி பாக்கி, குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றில் வேலை வாங்கிய நிறுவனமும் சட்டப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதோடு, தான் பயன்படுத்தும் ஏஜென்சி மாநிலத் தொழிலாளர் துறையில் பதிவு பெற்றதா என்று அந்த நிறுவனமே சரிபார்க்க வேண்டும். பதிவில்லாத ஏஜென்சியிடம் ஆள் எடுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். "எனக்குத் தெரியாது, காண்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்ற பதில் அங்கே சட்டப்படி செல்லாது.

இந்த இடத்துக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. பழைய கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்றைய கதையோடு ஒட்டியது.

1909-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில், மரம் வெட்டவும் ரயில் பாதை போடவும் போகிறவர்கள் ஏஜென்சிக்கு ஒரு டாலர் கட்டி வேலையை வாங்க வேண்டும். அங்கே போனால் சில நாட்களில் மேஸ்திரி நீக்கிவிடுவார்; கட்டணத்தில் அவருக்கும் பங்கு. காலியான இடத்துக்கு இன்னொருவர் ஒரு டாலர் கட்டுவார். வந்துகொண்டிருக்கும் கூட்டம், வேலை செய்யும் கூட்டம், திரும்பிப் போகும் கூட்டம் என்று எப்போதும் மூன்று கூட்டம் இருக்கும் என்று தொழிலாளர்கள் சொல்லிக்கொள்வார்கள். உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தினர் தெருமுனைகளில் நின்று இதைப் பேசினார்கள். தெருவில் பேசுவதற்கே நகரம் தடை போட்டது. ஒருவர் ஏறிப் பேசுவார், கைதாவார், அடுத்தவர் ஏறுவார். சிறைகள் நிரம்பின. எலிசபெத் கர்லி ஃபிளின் என்ற இளம்பெண், கர்ப்பிணியாக இருந்தவர், விளக்குக் கம்பத்தோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு பேசினார். 1910-இல் நகரம் இறங்கிவந்தபோது 19 ஏஜென்சிகளின் உரிமம் ரத்தானது.

அதோடு முடிந்ததா? 1914-இல் வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்து, வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதையே தடை செய்தார்கள். 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்துசெய்தது. நியூ ஜெர்சி மாநிலம் தடைகூடப் போடவில்லை, கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. 1928-இல் அதுவும் செல்லாது என்றது நீதிமன்றம். நீதிபதி ஸ்டோன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஹோம்ஸும் பிராண்டைஸும் அவரோடு சேர்ந்தார்கள். முதல் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்ற நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டத்தை 1941-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றபோதுதான் கட்டணத்தைக் கட்டுப்படுத்தக் கதவு திறந்தது.

கதவு திறந்த சில வருடங்களில் தொழிலே வேறு உருவம் எடுத்துவிட்டது. 1946-இல் டெட்ராய்டில் ரஸ்ஸல் கெல்லி ஒரு நிறுவனம் தொடங்கினார். 1948-இல் மில்வாக்கியில் இரண்டு வழக்கறிஞர்கள் மேன்பவர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் கேட்கவில்லை. "நாங்கள் வேலை தேடித் தருகிறவர்கள் அல்ல, நாங்கள்தான் அவர்களுடைய முதலாளி, ஆட்களை வாடகைக்கு அனுப்புகிறோம்" என்றார்கள். கட்டணம் வாங்கும் ஏஜென்சிக்கென்று எழுதப்பட்ட சட்டங்களிலிருந்து, அடுத்த இருபது இருபத்தைந்து வருடங்களில், மாநிலம் மாநிலமாக விலக்கு வாங்கினார்கள். இப்படியாக ஒரு தொழிலாளிக்குக் காகிதத்தில் ஒரு முதலாளி, வேலையிடத்தில் இன்னொரு முதலாளி என்ற ஏற்பாடு ஊன்றிக்கொண்டது. மேன்பவர் என்ற பெயரை நம் ஊர்ப் பேட்டைகளிலும் எத்தனை பலகைகளில் பார்க்கிறோம்!

இல்லினாய்ச் சட்டத்தின் முன்னுரை சில எண்களைத் தருகிறது. 2006 வாக்கில் அந்த மாநிலத்தில் இப்படி வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். பதிவுபெற்ற ஏஜென்சிகள் சுமார் 150, கிளைகள் 600. 2023-இல் தொழிலாளர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல்; ஏஜென்சிகள் 300-க்கும் அதிகம், கிளைகள் 800-க்கும் அதிகம். பதிவே செய்யாமல் நடக்கும் ஏஜென்சிகள் எத்தனை என்று தெரியவில்லை என்று சட்டமே சொல்லிவிடுகிறது. அவசரத்துக்கு நாலு ஆள் வேண்டும் என்று தொடங்கியது, ஆலை நடத்தும் வழக்கமான முறையாகவே மாறிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

அதனால்தான் 2023-இல் சட்டம் ஒரு பெரிய அடி எடுத்துவைத்தது. ஆகஸ்ட் 4 அன்று ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட திருத்தத்தின்படி, 12 மாதத்துக்குள் 90 நாளுக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தவருக்கு, அங்கே அதே வேலை செய்யும் நேரடி ஊழியருக்கு உள்ள ஊதியமும் சலுகைகளும் தர வேண்டும். ஏஜென்சிகளின் தரப்பு நீதிமன்றம் போனது. சலுகைகள் பற்றிய பகுதி மத்திய அரசின் ஓய்வூதிய, மருத்துவத் திட்டச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2024 மார்ச்சில் ஒரு நீதிபதி அந்தப் பகுதிக்கு இடைக்காலத் தடை போட்டார். சட்டமன்றத்தின் அடுத்த திருத்தம் அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமாயிற்று. 90 நாள் என்பது 720 மணிநேரம் ஆயிற்று. ஒப்பிடும் முறையும் மாறியது. நாள்காட்டிப்படி எண்ணும் 90 நாளும் 720 மணிநேரமும் முழுநாள் வேலை செய்கிறவருக்கு ஒன்று அல்ல. நாளுக்கு 8 மணி என்று போட்டால் 720 மணிநேரம் 90 வேலைநாள். வாரவிடுமுறையையும் சேர்த்து எண்ணினால் நான்கு மாதத்தைத் தாண்டிவிடும். இந்த விட்டுக்கொடுத்தல் எனக்கு வருத்தம்தான். 720-ஆவது மணிக்கு முன்பே ஆளை மாற்றிவிடலாமே என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நியூ ஜெர்சி அந்த வகையில் இன்னும் துணிந்தது. 1928-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அதே மாநிலம். தற்காலிகத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் ஆளுநர் ஃபில் மர்ஃபி 2023 பிப்ரவரி 6 அன்று கையெழுத்திட்டார். சமஊதியத்துக்கு அங்கே காத்திருப்புக் காலமே கிடையாது, முதல் நாளிலிருந்தே. உரிமையைக் கேட்ட தொழிலாளியை 90 நாளுக்குள் வேலையை விட்டு நிறுத்தினால் அது பழிவாங்கல் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. அந்தச் சட்டம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வருவதும் தள்ளிப்போவதுமாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் தொழிலாளர் மையத்துக்காரர்கள் திரும்பத் திரும்பத் தலைநகரம் டிரென்டனுக்கு வந்து நின்றார்கள். நிறைவேறிய பிறகு ஏஜென்சிகளின் அமைப்புகள் வழக்குப் போட்டன. சட்டத்தை நிறுத்திவைக்க 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. எடிசனைச் சுற்றி நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. இந்தப் பத்திரிகைக்கு அங்கேயும் வாசகர்கள் உண்டு. உங்கள் வாசலுக்கு வரும் பெட்டியை அருகிலுள்ள நெடுஞ்சாலைக் கிடங்கு ஒன்றில் எடுத்துவைத்த கை, பெரும்பாலும் இந்தச் சட்டம் பேசுகிற கைதான்.

ஊதியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டான்டன் ஊரில், கொண்டைக்கடலை மசியல் தயாரிக்கும் ஆலையில், இயந்திரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தற்காலிகத் தொழிலாளி அதில் சிக்கி இறந்தார். சுத்தம் செய்யும்போது இயந்திரம் ஓடாதபடி பூட்டிவைக்கும் முறை எல்லா ஆலைக்கும் தெரிந்தது. அந்தப் பயிற்சி அவருக்குத் தரப்படவில்லை என்று பணியிடப் பாதுகாப்புத் துறையின் விசாரணையில் தெரிந்தது. பயிற்சி கொடுக்கவேண்டியது யார்? ஆள் அனுப்பியவரா, இயந்திரத்துக்குச் சொந்தக்காரரா? இல்லினாயின் 2023 திருத்தம் இரண்டு பேரையும் கட்டுகிறது. ஏஜென்சி, ஆளை அனுப்பும் முன் அந்த இடத்தின் ஆபத்துகளைக் கேட்டறிந்து பொதுப் பயிற்சி தர வேண்டும். நிறுவனம், தன் இயந்திரத்துக்கு உரிய பயிற்சியைத் தானே தர வேண்டும். புது ஆள் வந்த முதல் நாள்தான் ஆபத்து அதிகம் என்பது ஆலை வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். நாள்தோறும் இடம் மாறும் தொழிலாளிக்கோ எல்லா நாளும் முதல் நாள்.

சட்டம் வந்ததால் எல்லாம் தீர்ந்தது என்று நான் எழுதமாட்டேன். புகார் கொடுத்தால் நாளைக்குப் பெயர் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் ஒரு சட்டத்தால் போய்விடாது. ஆய்வாளர்களை நம்பி மட்டும் இருக்க முடியாது என்று இல்லினாய் ஒப்புக்கொண்டதுபோல, 2023-இல் இன்னொரு வழியையும் திறந்தது: சட்டம் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கண்காணிக்கும் அமைப்புகளும் வழக்குத் தொடரலாம். தொழிலாளி தனியாக முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பே அது வேலை செய்யக்கூடிய பிரிவு என்பதைக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்தபோது, அமெரிக்கா எவ்வளவு முன்னேறிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மிடம் இருந்ததுதான் நினைவுக்கு வந்தது. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஆலை, தந்துவிட்டுப் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. கூலி கொடுக்கும்போது ஆலையின் பிரதிநிதி கூடவே நின்று சான்று தர வேண்டும் என்றது. 1971-இன் மத்திய விதிகள், ஆலையின் நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையை, அல்லது அதைப் போன்ற வேலையை, ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே கூலி என்றன. சேர்ந்த மூன்று நாளுக்குள் வேலை அட்டை தர வேண்டும் என்றன. இல்லினாய் 2006-இலும் 2023-இலும் கண்டெடுத்தவற்றை நாம் ஐம்பது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்திருந்தோம்.

அதற்கும் முன்னால், 1969-இல் மகாராஷ்டிரம் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. பம்பாயின் சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை தூக்கும் மாதாடித் தொழிலாளர்களுக்காக வந்த சட்டம், இடைத்தரகரை ஒழுங்குபடுத்துவதோடு நிற்காமல் அவர் இடத்திலேயே ஒரு வாரியத்தை உட்காரவைத்தது. அரசும் வியாபாரிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த வாரியம். கூலியை வியாபாரி வாரியத்தில் கட்டுவார், அதன்மேல் வைப்பு நிதிக்கும் விடுமுறைக்கும் மருத்துவத்துக்கும் ஒரு தொகையும் கட்டுவார். வாரியம் தொழிலாளியிடம் தரும். அண்ணாசாகேப் பாட்டீல் என்ற தலைவரின் பல வருடப் போராட்டத்தில் பிறந்த ஏற்பாடு அது. பின்னாளில் அங்கேயும் குறைகள் வந்தன, வாரியத்துக்குள்ளேயே புதுத் தரகர்கள் நுழைந்தார்கள் என்ற புகார்களும் உண்டு. ஆனாலும் மூட்டை தூக்குகிறவருக்கு வைப்பு நிதி என்று ஒன்று இருக்க முடியும் என்பதை நடத்திக்காட்டியது.

எழுதிவைத்திருந்தும் நம் கடிதங்கள் ஏன் நிற்கவில்லை? 1970-இன் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தியது. ஆகவே பத்தொன்பது பத்தொன்பதாகப் பிரித்த காண்ட்ராக்டர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எல்லை 50 ஆகியிருக்கிறது. கூலிக்கு ஆலையும் பொறுப்பு என்பது அதிலும் தொடர்கிறது, எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் வந்திருக்கிறது, இவை நல்லவை. ஆனால் 20-ஐ 50 ஆக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிய காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறார். இல்லினாயிலும் நியூ ஜெர்சியிலும் வேலை விவரங்கள் உள்ள அந்தச் சீட்டைப் பெற, உடன் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே ஒருவரை அனுப்பினாலும் சீட்டு தர வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ காண்ட்ராக்டர் மூலமாக வேலை பார்ப்பவர் என்றால் எங்களுக்கு எழுதுங்கள். வேலையில் சேர்ந்தபோது எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா? சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, ஆலையா காண்ட்ராக்டரா? பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, சீருடைக்கு, ஷூவுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள்? வேலை வாங்கிக் கொடுத்ததற்கு முதல் மாதம் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஊழியர் அதே வேலைக்கு எவ்வளவு வாங்குகிறார்? சீட்டு இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். காண்ட்ராக்டராக இருப்பவர்களும் எழுதலாம். ஆலை உங்களுக்கு என்ன விலை தருகிறது, அதில் சட்டப்படி எல்லாம் கொடுத்தால் என்ன மிஞ்சுகிறது என்பது வெளியே வராத கணக்கு, அதுவும் எங்களுக்கு வேண்டும். பெயரோ ஊரோ வெளியே வராது. வரும் கடிதங்களை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டி, எந்த இடத்தில் யாரிடம் கேட்கலாம் என்பதை அடுத்தடுத்த இதழ்களில் கேள்வி பதிலாக வெளியிட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்